பழைய லென்ஸா, புதிய லென்ஸா? மலையகத்து வெளிச்சத்தில் எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன். கலியாணம், சடங்கு வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் தேர் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். ஓய்வு கிடைத்தால் பழைய லென்ஸ் ஒன்றைக் கமராவில் மாட்டிக்கொண்டு தேயிலை மலைப்பக்கம் போய்விடுவேன். இது தெரிந்த பிள்ளைகள் லென்ஸோடு கடைக்கு வருகிறார்கள். ஒருவருக்குத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, ஒருவர் கொழும்பில் இரண்டாம் கைக்கு வாங்கியது, இன்னொருவர் இணையத்தில் வரவழைத்தது. கேட்பது மட்டும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

"பழைய லென்ஸ்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஃபிலிம் கமராவுக்காகச் செய்யப்பட்டு, கையால் திருப்பி ஃபோகஸ் பண்ணவேண்டிய லென்ஸ்களை. பெரும்பாலும் 1950களிலிருந்து 1980கள் வரை வந்தவை. நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படுபவை ரஷ்ய ஹீலியோஸ், ஜப்பானின் டக்குமார், பழைய நிக்கோர், கெனன் எஃப்டி வகைகள். ஹீலியோஸும் டக்குமாரும் எம்42 என்ற மரையில் வரும். போத்தல் மூடி போலத் திருகி மாட்டவேண்டும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது நல்லது?

ஒளி உள்ளே வரும் துவாரத்தை முழுதாகத் திறந்து எடுத்தால் கூர்மையில் புதியதுதான் முந்தும், சந்தேகமே இல்லை. துவாரத்தைச் சுருக்கி எஃப் 8க்கு வந்துவிட்டால் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சின்னதாகும்) நல்ல நிலையில் இருக்கும் பழைய 50 மி.மீ லென்ஸுக்கும் புதியதுக்கும் படத்தின் நடுப்பகுதியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நானே ஒருமுறை இரண்டிலும் எடுத்த படங்களைத் தங்கச்சியிடம் கொடுத்து, பெயரை மாற்றிக் கலந்து தரச் சொல்லிப் பார்த்தேன். எஃப் 8 படங்களில் எது எந்த லென்ஸ் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் நம் மலையில் பழைய லென்ஸைத் தோற்கடிப்பது கூர்மைக் குறைவு இல்லை. வெள்ளை வானம்தான்.

வெள்ளை வானம் எப்படி லென்ஸைத் தோற்கடிக்கும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற நாடுகளில் எழுதப்பட்ட மதிப்பீடுகளை வாசித்துவிட்டு இங்கே வந்து ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடிப் பரப்பில் ஒளி பட்டால், நூற்றுக்கு 4 பங்கு அளவு திரும்பிப் போய்விடும். ஹீலியோஸ் 44 லென்ஸில் ஆறு கண்ணாடிகள் நாலு தொகுதிகளாக இருக்கின்றன, அதாவது காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சே இல்லையென்றால் அந்த எட்டையும் தாண்டி வரும்போது உள்ளே வந்த ஒளியில் 28 சதவீதம் வழிதவறியிருக்கும். அது அப்படியே மறைந்துபோனால் பரவாயில்லை, படம் கொஞ்சம் இருட்டாகும், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு பகுதி கண்ணாடிக்குக் கண்ணாடி எகிறி, கடைசியில் சென்சரில் எங்கும் பரவலாக விழுகிறது. கறுப்பாக இருக்கவேண்டிய இடத்திலும் விழுகிறது. படத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தியதுபோல ஆவது அதனால்தான்.

இதற்கு வழி கண்டுபிடிக்க நாள் எடுத்தது. டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1890களில் ஒரு விசயத்தைக் கவனித்தார்: பழசாகி நிறம் மங்கிய லென்ஸ், புத்தம் புதிய லென்ஸைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது. கண்ணாடி மேல் தானாகப் படிந்த அந்த மங்கலே ஒரு பூச்சு மாதிரி வேலை செய்திருக்கிறது. 1935இல் சைஸ் கம்பனியின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடியில் ஒற்றைப் படலம் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். 1971இல் அசாஹி பென்டாக்ஸ், டக்குமார் லென்ஸ்களில் ஏழு படலப் பூச்சைக் கொண்டுவந்தது. ஒற்றைப் பூச்சு வந்தபோதே இழப்பு ஒரு பரப்புக்கு ஒன்று, ஒன்றரை சதவீதமாகக் குறைந்துவிட்டது. பல படலப் பூச்சு அதையும் ஒரு சதவீதத்துக்குக் கீழே நன்றாக இறக்கியது.

இன்றைய லென்ஸ்களில் இத்தனை கண்ணாடிகளை அடுக்க முடிவதும் இந்தப் பூச்சால்தான். 2014இல் வந்த சிக்மா 50 மி.மீ எஃப் 1.4 ஆர்ட் லென்ஸில் 13 கண்ணாடிகள், எட்டுத் தொகுதிகள். பதினாறு பரப்பு! பூச்சு இல்லாவிட்டால் பாதி ஒளி போய்ச் சேராது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். தலவாக்கலையில் ரோட்டு ஓரம் நின்று சென் கிளேயர் நீர்வீழ்ச்சியை எடுக்கிறீர்கள். பின்னேரம் மூன்று மணி, மிஸ்ட் (பனிமூட்டம்) இறங்கிவிட்டது. படத்தின் மேல்பாதி முழுக்க வெள்ளை. படத்துக்கு வெளியே, தலைக்கு மேலே இருப்பதும் வெள்ளை. வெயில் ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் கையால் மறைக்கலாம். இதுவோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஒற்றைப் பூச்சு லென்ஸ் இதில் திணறும். பக்கத்துப் பாறையின் ஈரக் கறுப்பு சாம்பலாகிவிடும். அதே லென்ஸை ஜனவரி மாதத்துக் காலை வெயிலில், முதுகுக்குப் பின்னால் சூரியனை வைத்து எடுத்தால் "இதுக்கு என்ன குறை?" என்று கேட்பீர்கள்.

ஆகவே பழைய லென்ஸுக்கு ஹூட், அதாவது முன்னால் மாட்டும் நிழல் குழல், கட்டாயம். லென்ஸின் கோணத்துக்குப் பொருந்தும் ஆழமான ஹூட். கறுப்புக் காகித மட்டையைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டாலும் போதும், படத்தின் மூலையில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய லென்ஸுக்குக் காசு செலவழிப்பது என்றால் முதலில் இதற்குத்தான் செலவழிக்கவேண்டும்.

வீட்டுப் பக்கத்திலேயே எப்படிப் பரிசோதிப்பது?

சுவரில் பேப்பர் ஒட்டிப் படமெடுக்கும் வழி உண்டு. கிட்டத்தில் லென்ஸ் எப்படி என்று அது சொல்லும், தூரத்தில் எப்படி என்று சொல்லாது. நமக்கு அதைவிட நல்ல அட்டை வாசலிலேயே இருக்கிறது: எதிர்ப்பக்கத்துத் தேயிலை மலை. செடி செடியாக, ஒரே அளவில், மூலைக்கு மூலை நுணுக்கம் நிறைந்த ஒரு சரிவு. எனக்குப் பிடித்தது கவ்வாத்து வெட்டி ஒன்றிரண்டு மாதமான மலை. வெறும் குச்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், தப்புக்கு ஒளிய இடமில்லை.

நேரம் முக்கியம். இரவு மழை பெய்து விட்டிருந்தால் விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போங்கள். அப்போது காற்று கழுவினதுபோல இருக்கும். வெயில் ஏறினால் சரிவிலிருந்து சூடு கிளம்பி, படம் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல நெளியும். மிஸ்ட் ஏறினால் எல்லா லென்ஸும் மங்கல்தான். இரண்டு லென்ஸை இரண்டு நாளில் எடுத்து ஒப்பிட்டால் நீங்கள் எடைபோடுவது லென்ஸை இல்லை, வானிலையை.

ட்ரைபொட் வையுங்கள், இரண்டு செக்கன் டைமர் போடுங்கள், கமரா திருத்தாத ரோ ஃபைலில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100இல் எடுங்கள். வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஒரே இடத்தில் நிறுத்திவிடுங்கள். கமராத் திரையில் படத்தைப் பெருக்கி வைத்துக் கையால் ஃபோகஸ் பண்ணுங்கள். துவாரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஃபோகஸ் பார்க்கவேண்டும், ஏனென்றால் சில பழைய லென்ஸ்களில் துவாரத்தைச் சுருக்கும்போது ஃபோகஸ் விழும் இடமே தள்ளிப்போகும். எஃப் 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசையாக எடுத்தால் போதும். எஃப் 16க்குப் போனால் சின்னத் துவாரத்தின் ஓரத்தில் ஒளி வளைந்து எந்த லென்ஸும் மழுங்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அடுத்தது மூலைகள். ஒரு குறிப்பிட்ட செடியைத் தேர்ந்தெடுத்து முதலில் நடுவில் வைத்து எடுங்கள். பிறகு ஃபோகஸைத் தொடாமல் கமராவைத் திருப்பி, அதே செடியை நாலு மூலையிலும் வைத்து எடுங்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி கொஞ்சம் மழுங்கியிருந்தால் அது லென்ஸின் வடிவமைப்பு. ஒரு மூலை மட்டும் படுமோசம் என்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி விலகியிருக்கிறது. எப்போதோ கீழே விழுந்திருக்கலாம், யாரோ கழற்றிப் பூட்டியிருக்கலாம். இந்தக் குறை புத்தம் புதிய லென்ஸிலும் வரும். புதியது வாங்கினாலும் இந்த நாலு படங்களை எடுத்துப் பாருங்கள்.

மூலை மழுங்கலாக இருந்தால் அந்த மூலையிலேயே ஃபோகஸ் பண்ணி இன்னொரு படம் எடுங்கள். இப்போது கூர்மையாக வருகிறதா? அப்படியென்றால் லென்ஸுக்குத் தெளிவு இருக்கிறது, அதன் ஃபோகஸ் தளம்தான் தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருக்கிறது. இப்படிப்பட்ட லென்ஸ் சுவரைப் படமெடுக்க உதவாது, முகத்துக்குப் பிரமாதமாக இருக்கும்.

நேர்கோடு வளைகிறதா என்று பார்க்கத் தேயிலை பெக்டரியின் ஜன்னல் வரிசையைவிட நல்லது கிடையாது. ஒன்று நினைவிருக்கட்டும்: இன்றைய மிரர்லெஸ் கமராக்களுக்கான (உள்ளே முகக்கண்ணாடி இல்லாதவை) லென்ஸ்கள் பலவற்றில் வளைவையும் மூலை இருட்டையும் கமராவே கணக்குப் போட்டு நிமிர்த்திவிடுகிறது. பழைய லென்ஸுக்கு அந்த உதவி கிடையாது, கண்ணாடி என்ன கொடுக்கிறதோ அதுதான் படம்.

கடைசியாக, ஒப்பிடுமுன் இரண்டு படத்தின் வெளிச்சத்தையும் சமமாக்குங்கள். வளையத்தில் ஒரே எண் போட்டிருந்தாலும் உள்ளே வரும் ஒளி கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். வெளிச்சமான படம்தான் நல்ல படம் என்று கண் நினைத்துக்கொள்ளும்.

ஊதா நிற ஓரம் வருகிறதே, அது பழுதா?

பழுது இல்லை. வெள்ளை மிஸ்டுக்கு முன்னால் யூக்கலிப்டஸ் கிளைகளை எஃப் 2இல் எடுத்தால், கிளையோரத்தில் ஊதாக் கோடு தெரியும். வெவ்வேறு நிற ஒளியை ஒரே இடத்தில் கூட்டிச்சேர்ப்பது சாதாரணக் கண்ணாடிக்குக் கஷ்டம். இன்றைய லென்ஸ்கள் நிறம் பிரிப்பது குறைந்த விசேஷக் கண்ணாடிகளைச் சேர்த்து இதைக் குறைக்கின்றன. பழையதில் எஃப் 4க்குச் சுருக்கினாலே பெருமளவு போய்விடும்.

"குணம்" உள்ள லென்ஸ் என்கிறார்களே, அது உண்மையா, வியாபாரப் பேச்சா?

உண்மைதான், ஆனால் எப்போதும் வராது. என் அம்மாயியை எடுத்த இரண்டு படங்களைச் சொல்கிறேன்.

மழை விட்ட காலை. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் பத்து அடி தள்ளி, ஒரு கொய்யா மரம் இலைக்கு இலை துளி சொட்டிக்கொண்டு நின்றது. முதலில் புதிய 50 மி.மீ லென்ஸில் எஃப் 1.8, பிறகு ஹீலியோஸ் 44இல் எஃப் 2. இரண்டும் ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்தில்.

புதியதில் எல்லாமே இருந்தது. கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும், கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்த பெருவிரல் நகத்தின் கறுப்பும், மூக்குத்திக் கல்லின் பட்டைகளும். பின்னணி மிருதுவாக, சத்தமில்லாமல் ஒதுங்கி நின்றது. ஹீலியோஸில் கண் மட்டும் கூர்மை. கன்னத்தில் வெளிச்சம் கொஞ்சம் கசிந்தது. மூக்குத்தி ஒரு சின்ன ஒளிப்பொட்டு. பின்னாலிருந்த மழைத்துளிகள் நடுவில் வட்டமாகவும், ஓரத்துக்குப் போகப் போக எலுமிச்சம்பழ வடிவமாகவும் மாறி, தலையைச் சுற்றி ஒரு சுழல் போல நின்றன.

இதில் மாயம் எதுவுமில்லை. ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் குழல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. அதனால் வட்டம் எலுமிச்சம்பழமாகிறது. நான் முன்பு சொன்ன கிண்ண வளைவும் சேர்ந்துகொண்டால் சுழல். எஃப் 4க்குச் சுருக்கினால் இது கரைந்துவிடும். பின்னணியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் இல்லாவிட்டால் வரவே வராது. வெறும் மிஸ்டைப் பின்னால் வைத்துவிட்டு "என் ஹீலியோஸ் சுழலவில்லை" என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. சிறிய சென்சர் கமராவில் மாட்டினாலும் சுழல் குறையும், ஏனென்றால் சுழல் இருப்பது ஓரத்தில், அந்த ஓரத்தைத்தான் சின்ன சென்சர் வெட்டிவிடுகிறது.

அம்மாயியிடம் இரண்டையும் காட்டினேன். புதிய லென்ஸில் எடுத்ததைத்தான் எடுத்துக்கொண்டார். "இதிலதான்யா என் மூக்குத்திக் கல்லு தெரியுது" என்றார். அவருக்கு வேண்டியது அது. எனக்கு மற்றப் படம் பிடித்திருந்தது, அது என் ஸ்டூடியோச் சுவரில் இருக்கிறது. குணம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஒரு குறை, சரியான இடத்தில் விழும்போது படத்துக்கு உதவுகிறது. தவறான இடத்தில் விழுந்தால் அது வெறும் குறைதான்.

கூர்மையில்லாத லென்ஸில் எடுத்த படத்தை யாராவது பெரிய படம் என்று மதித்திருக்கிறார்களா?

பொகவந்தலாவைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த ஒரு கமராவை வைத்துத்தான் படமெடுக்கத் தொடங்கினார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தார். இங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் பிடித்திருக்கிறார்.

அவருடைய முதல் லென்ஸ் பிரான்ஸில் செய்த ஜமின். கண்ணுக்குத் தெரியும் ஒளியும், அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டில் பதியும் நீல ஒளியும் அதில் ஒரே இடத்தில் குவியாது. கண்ணால் பார்த்துச் சரி என்று நிறுத்தினால், தட்டில் கொஞ்சம் மங்கலாக விழும். அதோடு, ஃபோகஸ் பண்ணும்போது தன் கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார். அன்றைய படக்கலைஞர்கள் பலர் அவர் படங்களைக் குறை சொன்னார்கள். இன்று அவை உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மலையகத்தில் கமரா பிடிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அந்தக் கல்லறைக்குப் போய்வரவேண்டும் என்பது என் ஆசை.

இரவுப் படத்துக்குப் பழைய லென்ஸ் சரிவருமா?

முழுத் துவாரத்தில் சரிவராது. அதைச் சோதிக்கவும் நமக்கு ஒரு இடம் இருக்கிறது. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் படிகளில் விளக்கெரியும். 2,243 மீற்றர் உச்சிவரை ஏறும் அந்த விளக்கு வரிசையை மஸ்கெலியாப் பக்கமிருந்து எடுங்கள், வரிசை படத்தின் மூலை வரை போகட்டும். நடுவில் புள்ளியாக இருக்கும் விளக்குகள் பழைய எஃப் 1.4 லென்ஸின் மூலையில் சிறகு விரித்த குருவி போல ஆகியிருக்கும். எஃப் 4க்குப் போனால் குருவி திரும்பப் புள்ளியாகும். புதிய விலையுயர்ந்த லென்ஸ்களில், உருண்டையாக இல்லாமல் வேறு வளைவில் கடைந்த கண்ணாடிகள் இருப்பதால், திறந்த துவாரத்திலேயே இது நன்றாக அடங்கியிருக்கும்.

என் டக்குமார் மஞ்சளாக இருக்கிறது. கதிரியக்கம் என்கிறார்கள். பயப்படவேண்டுமா?

டக்குமார் 50 மி.மீ எஃப் 1.4இன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் சேர்த்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை நன்றாக வளைக்கவேண்டும், நிறத்தையும் அதிகம் பிரிக்கக்கூடாது, அதற்காகச் சேர்த்தார்கள். மிகக் குறைந்த கதிரியக்கம்தான். கமராவில் மாட்டிப் படமெடுப்பதால் ஆபத்தில்லை. கண்ணாடியைத் தேய்க்காதீர்கள், உடைந்தால் தூளைக் கையால் அள்ளாதீர்கள், படுக்கையில் தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள்.

மஞ்சளைப் போக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் நாட்கணக்கில் வைப்பது ஒரு வழி, ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் அது நடக்காது, லென்ஸ் வழியாக வெயில் குவிந்து தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சின்னப் புற ஊதா எல்ஈடி விளக்கைப் பின் கண்ணாடிக்கு நேரே வைத்தால் சில நாட்களிலிருந்து சில வாரத்துக்குள் தெளிந்துவிடும். அந்த விளக்கை நேரே பார்க்கவேண்டாம். கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் எடுப்பதென்றால் மஞ்சளை அப்படியே விட்டுவிடலாம், மெல்லிய மஞ்சள் ஃபில்டர் போட்டதுபோல வானம் ஒரு சொட்டுக் கறுக்கும்.

இரண்டாம் கைக்கு வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

கையில் ஒரு டோர்ச் கொண்டுபோங்கள். கடைக்குள் விற்பனையாளர் கண்ணாடியைத் தூக்கிக் கூரை விளக்குக்குக் காட்டுவார், எல்லாம் பளிச்சென்று தெரியும். அதை நம்பவேண்டாம். துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நேரே பார்த்தால் விளக்குத்தான் தெரியும், சாய்த்தால்தான் நோய் தெரியும்.

பங்கசு (பூஞ்சணம்) என்றால் சிலந்திவலை மாதிரி, அல்லது பெரணி இலை மாதிரி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை விட்டிருக்கும். முழுப் பரப்பிலும் சீராக மூச்சு விட்டதுபோல இருந்தால் அது மூட்டம், உள்ளே போட்ட எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. நான் ஒருமுறை "புதுசு மாதிரி" என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் ஒரு 135 மி.மீ வாங்கினேன். வெளியே ஒரு கீறல் இல்லை. டோர்ச் அடித்தால் உள்ளே பால் கலக்கியதுபோல மூட்டம். அதில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மிஸ்டுக்குள் எடுத்ததுபோலவே இருந்தது. தூசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாலு தூசு படத்தில் தெரியாது. மூட்டம் தெரியும்.

துவாரத் தகடுகளில் எண்ணெய் மினுக்கினால், தானாகச் சுருங்கும் வகை லென்ஸில் அது பிரச்சினை, தகடு சோம்பிப் போய்விடும். கையால் சுருக்கும் ஹீலியோஸ் 44-2 போன்றவற்றில் அவ்வளவு பாதிப்பில்லை. ஃபோகஸ் வளையம் இறுக்கமாக இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. நம் குளிரில் அது இன்னும் இறுகும், காலை ஆறு மணிக்கு நுவரெலியாவில் திருப்பவே முடியாமல் போகலாம்.

மலைநாட்டு ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

லென்ஸோடு வரும் பழைய தோல் உறையை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பங்கசு வளர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அலுமாரியின் இருட்டு மூலை இரண்டாவது கெட்ட இடம்.

ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். அட்டன் பக்கத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் நான் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். அரிசிக்குள் புதைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், மாவுத்தூள் வளையத்துக்குள் போய்விடும்.

பங்கசு பிடித்துவிட்டால் சீக்கிரம் துப்புரவு செய்யக் கொடுங்கள். தாமதித்தால் அது விடும் அமிலம் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. பெட்டியில் மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. குளிரில் கிடந்த கமராவோடு சனம் நிறைந்த கலியாண மண்டபத்துக்குள் நுழைந்தால் கண்ணாடி நொடியில் வியர்க்கும். பையை மூடியபடியே உள்ளே கொண்டுபோய் அரை மணித்தியாலம் விட்டுவிட்டுத் திறங்கள்.

எந்தக் கமராவில் மாட்டலாம்?

மிரர்லெஸ் என்றால் ஏறக்குறைய எல்லாவற்றிலும். லென்ஸ் மாட்டும் விளிம்பிலிருந்து சென்சர் வரை உள்ள தூரம்தான் கணக்கு. எம்42 லென்ஸுக்கு 45.46 மி.மீ வேண்டும். சோனி ஈ வகைக்கு அது 18, கெனன் ஆர்எஃப்புக்கு 20, நிக்கோன் இசட்டுக்கு 16. மிச்சத் தூரத்தை அடப்டர் வளையம் நிரப்பிவிடும். உள்ளே முகக்கண்ணாடியுள்ள கெனன் ஈஎஃப் கமராக்களிலும் தூரம் 44 என்பதால் மெல்லிய வளையம் போதும். பழைய நிக்கோன் எஃப்பில் 46.5, இடமே இல்லை. உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடப்டர் போட்டால் தவிர தூரத்து மலை ஃபோகஸில் வராது, அந்த மலிவான கண்ணாடியோ இருக்கிற தெளிவையும் கெடுத்துவிடும்.

மாட்டியதும் "லென்ஸ் இல்லாமலும் படமெடு" என்ற அமைப்பைத் திறந்துவிடுங்கள். கமராவுக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ எண்ணை, அதாவது குவியத்தூரத்தை, 58 என்றோ 50 என்றோ கையால் கொடுங்கள்.

எந்தப் பழைய லென்ஸை வாங்கலாம், எதை விடலாம்?

50 முதல் 135 மி.மீ வரையிலான ஒற்றைத் தூர (சூம் இல்லாத) லென்ஸ்கள் நம்பி வாங்கத்தக்கவை. நிக்கோர் 105 மி.மீ எஃப் 2.5 கிடைத்தால் விடாதீர்கள். 1984இல் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கான் சிறுமி படம் இந்த லென்ஸில்தான் எடுக்கப்பட்டது. கொழுந்துத் துளிரைக் கிட்டத்தில் எடுக்க 55 மி.மீ மைக்ரோ நிக்கோர், இன்றைக்கும் கூர்மையில் தலைகுனியாது.

பழைய சூமும் அகலக் கோண லென்ஸும் வேண்டாம் என்பேன். இந்த இரண்டிலும்தான் கணினி வடிவமைப்பும் புதுக் கண்ணாடியும் பெரிய முன்னேற்றம் கொண்டுவந்தன. லிப்டன் சீட்டிலிருந்து பரந்த காட்சி எடுக்க, கமராவோடு சேர்ந்து வரும் சாதாரணப் புதிய கிட் லென்ஸ் எஃப் 8இல் பழைய 24 மி.மீ பலவற்றை மூலையில் வென்றுவிடும்.

கலியாணத்துக்குப் பழைய லென்ஸ் கொண்டுபோகலாமா?

தாலி கட்டும் நேரத்துக்கு வேண்டாம். ஒரு நொடி, திரும்ப வராது. கண்ணைத் தானாகப் பிடிக்கும் புதிய லென்ஸ்தான் அந்த இடத்துக்கு. மறுநாள் பொண்ணு மாப்பிள்ளையைத் தேயிலைக்குள் நிறுத்தி ஆறுதலாக எடுக்கும்போது ஹீலியோஸை மாட்டுங்கள்.

தாத்தாவின் லென்ஸில் முன் கண்ணாடி கீறியிருக்கிறது. தூக்கி எறியவா?

வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு தனிக்கீறல் படத்தில் கோடாக விழாது. ஒளி பட்டால் அந்த இடம் கொஞ்சம் சிதறும். ஆழமான கீறலுக்குள் மட்டும் கறுப்பு மை தடவி மீதியைத் துடைத்துவிட்டால் சிதறலும் குறையும். பின் கண்ணாடிக் கீறல்தான் பொல்லாதது, அது சென்சருக்குக் கிட்ட இருக்கிறது. ஆயிரம் மெல்லிய கோடுகளாகத் துணியால் தேய்த்த தடம் இருந்தாலும் கஷ்டம்தான், மூட்டம் மாதிரியே மங்கலாக்கும்.

எதுவானாலும் முதலில் ஹூட் மாட்டி, எஃப் 5.6இல், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எதிர்ப்பக்கத்து மலையை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அட்டன் பக்கம் வந்தால் லென்ஸை எடுத்துவாருங்கள், டோர்ச் என்னிடம் இருக்கிறது.